இரண்டு காலுக்கும் துடுப்பு

மார்ச் 3, திங்கள். வெயில். காற்று இல்லை.

இந்த வயசில் கற்றுக்கொண்ட எழுத்து, கோணல்தான். வரி மேலே ஏறிப் போகிறது. பொறுத்துக்கொள்ள வேண்டும். யாரிடம் கேட்கிறேன்? நானேதான் படிக்கப்போகிறேன். ‘ழ’ மட்டும் அழகாக வந்திருக்கிறது.

காரியம்: காலில் மாட்டும் துடுப்பு வாங்குவது. பாலவாக்கத்தில் கடல் நீச்சல் கற்றுத்தரும் நிஷா டீச்சர் சொல்லிவிட்டார். சனிக்கிழமை துடுப்போடு நீச்சல்குளத்தில் அந்தக் கோடி போய்த் திரும்ப வேண்டும். திரும்பினால் ஞாயிறு படகில் இடம். நடுவில் கால் இழுத்துக்கொண்டால் இல்லை.

படகு போவது கடலுக்குள் இருக்கும் ஒரு பாறைத் திட்டுக்கு. மீன்பிடிக்கிற நாங்கள் அதை ‘பார்’ என்போம். ஆயுசெல்லாம் அதன்மேல் வலை போட்டேன். கண்டதில்லை. கறுப்பு நிழல்தான். முகமூடி, வாயில் குழாய், மிதந்தபடியே பார்க்கலாமாம்.

மார்ச் 4, செவ்வாய்.

தி.நகர். பஸ் போர்டு நானே படித்தேன். விளையாட்டுச் சாமான் கடை. ‘நீச்சல் துடுப்பு’, அதுவும் நானே. அந்தச் சந்தோஷத்தில் கடைக்காரர் சொன்னது பாதி காதில் ஏறவில்லை. திருநெல்வேலிக்காரர்.

“பெரியவரே, நீளம் வேண்டாம். உங்க காலுக்கு ஆகாது.”

“துடுப்புன்னா நீட்டாதான் இருக்கணும் நைனா. குட்டைத் துடுப்ப வச்சிகினு எவன் கரை சேந்தான்?”

“அது கையால போடுதது. இது காலுக்குள்ளதுல்லா!”

கடையிலேயே நீளமானதை வாங்கி வந்தேன். வாசலில் மாட்டி நடந்தேன். என் வீட்டுக்காரி கன்னியம்மா: “இன்னாய்யா, வாத்து மாதிரி நடந்துகினு கீற?”

மார்ச் 5, புதன்.

குளத்தில் ஒத்திகை. பாதியில் கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. கம்பியைப் பிடித்துத் தொங்கினேன். கால்விரலெல்லாம் சிவப்பு. படகில் விரல் விரித்து நின்ற பாதம், குறுகின ரப்பரில் அடங்குமா?

டீச்சர் சிரிக்கவில்லை. அதுதான் பயம்.

“தாத்தா, இதைத் தள்ளறது உங்க தொடை. நீளம் கூடினா பாரமும் கூடும்.”

அவர் சொன்னது: குட்டை. வளைகிற மட்டை. குதிகால் திறந்தது, பின்னால் வார். உள்ளே ரப்பர் காலுறை.

ஒரு சொல்லில் ஏமாந்தேன். படகுக்கும் துடுப்பு, மீனுக்கும் துடுப்பு. நான் படகையே நினைத்துக்கொண்டு போனேன். மீனின் துடுப்பு எவ்வளவு குட்டை! எத்தனை வெட்டி எறிந்திருக்கிறேன்.

மார்ச் 6, வியாழன். மேகம்.

மறுபடி தி.நகர், அதே கடைக்காரர்.

“தண்ணி பட்டத எப்படித் திரும்ப எடுக்க?”

“தண்ணி படக்கூடாதுன்னா இத்த எதுக்கு விக்கிற? செவுத்துல மாட்டவா?”

சிரித்துவிட்டார். மாற்றிக் கொடுத்தார். வாரை இறுக்கிக் காலை உதறினேன். கழலவில்லை. உள்ளே விரல்கள் தாராளமாக அசைந்தன.

மார்ச் 7, வெள்ளி.

சங்கரா மீன் குழம்பு. அரியுமுன் துடுப்பை விரித்துப் பார்த்தேன். “மீன இன்னா பொண்ணா பாக்குற? போய்க் குளி,” என்றாள் கன்னியம்மா.

மார்ச் 8, சனி.

போனேன். திரும்பினேன்! இடுப்பிலிருந்து மெதுவாக உதைத்தேன். கால் சத்தமே போடவில்லை. டீச்சர் கை தட்டினார். “நாளைக்கு விடியறப்ப வந்துடுங்க, தாத்தா.”

கன்னியம்மா: “மேலேர்ந்து பாத்தது போதலியா?” பிறகு, “நம்ம வலை எதுனா அங்க மாட்டிகினு கீதா பாரு.”

கை வலிக்கிறது. கீழே நாலு வரி காலி விட்டிருக்கிறேன், பாரின் நிறம் எழுத. நாளைக்குத் திரும்பி வந்ததும் நிரப்பியாக வேண்டும். பச்சை எழுத வரும். நீலம் வரும். மஞ்சள் இருந்தால்தான் தகராறு, அந்த ‘ஞ்’.