புள்ளியில் தொடங்கிய வரி

பூடோ,
மார்ச் 4

அன்புள்ள ஹால்வர்,

உன் வானிலை நிலையம் இருக்கும் தீவுக்கு வியாழக்கிழமை தபால் விமானம் போகிறதாம். அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஞாயிறன்று நீ அழைத்தபோதே சொல்லியிருக்கலாம். நீ காற்றின் வேகத்தைச் சொன்னாய். நான் தெருவுக்குப் பனி அகற்றும் வண்டி வந்ததைச் சொன்னேன். அதோடு பேச்சு முடிந்துவிட்டது.

வீட்டில் குறை ஒன்றும் இல்லை. கூரைப் பனியைப் பக்கத்து வீட்டு பேரித்தும் அவள் கணவரும் வந்து தள்ளிவிட்டார்கள். கார் பேட்டரி மாற்றியாயிற்று. சனிக்கிழமை பேரித் மீன் கொண்டுவந்தாள், அதன் ஈரலும் சினையும் சேர்த்து அவித்தது. தட்டைக் கழுவும்போதுதான் என்ன சாப்பிட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் லுண்ட் நகரிலிருந்து ஒரு பெண் எங்கள் குழுவுக்கு எழுதியிருந்தாள். நாங்கள் பராமரிக்கும் காப்பு நகல் நிரலில், பழைய நகல்களைத் துடைக்கும் கட்டளையைக் கொடுத்தாளாம். தனியாகப் பத்திரப்படுத்திய கோப்புகளும் சேர்ந்து போய்விட்டனவாம். கையேட்டில் இதற்கு எச்சரிக்கை இல்லையே என்று மரியாதையாகத்தான் கேட்டிருந்தாள். எச்சரிக்கை இருக்கிறது, அந்தப் பக்கத்தை ஒழுங்குபடுத்தியவளே நான்தான் என்று பதில் போட்டேன். அந்த வரியையும் எடுத்து அனுப்பினேன். தன் திரையில் அது இல்லை என்று எழுதினாள். அப்போதுதான், படிப்பவர்கள் திறப்பதுபோல நானும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். இல்லை.

நான் வேலை செய்யும்போது என் தோளுக்குப் பின்னால் நின்று எத்தனையோ முறை பார்த்திருக்கிறாய், என்ன செய்கிறேன் என்று கேட்டதில்லை. இப்போது சொல்கிறேன். கையேட்டுப் பக்கத்தை எழுதும் கோப்பில், படிப்பவர்களுக்கான வாக்கியங்களும் அவை எப்படித் தெரிய வேண்டும் என்று கணினிக்குச் சொல்லும் குறிகளும் கலந்தே இருக்கும். புள்ளியில் தொடங்கும் வரி கணினிக்கு. மற்றதெல்லாம் மனிதர்களுக்கு. புள்ளிக்குப் பின்னால் வருவது தனக்குத் தெரியாத சொல்லாக இருந்தால் கணினி அந்த வரியையே விட்டுவிடும். பிழை என்றும் சொல்லாது.

பத்திரப்படுத்தும் கோப்புறையின் பெயர் உனக்குத் தெரியும், அதுவே புள்ளியில் தொடங்குகிறது. “.லாகர் கோப்புறையும் அதிலுள்ள அனைத்தும் சேர்ந்தே அழியும்” என்பதுதான் எச்சரிக்கை. பழைய கோப்பில் அது வேறொரு வாக்கியத்தின் பின்னால், வரியின் நடுவில் இருந்தது. அதனால் தெரிந்தது. ஒவ்வொரு வாக்கியத்தையும் புது வரியில் தொடங்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். நான் அதைப் பிரித்து அடுத்த வரியில் வைத்தேன். அன்றிலிருந்து அந்த எச்சரிக்கை யார் கண்ணிலும் படவில்லை.

தேதி பார்த்தேன். ஏப்ரல் பதினொன்று. நம் மகள் தீரில் இறந்து ஏழாவது வாரம். நீ அவள் அறைக்கதவைச் சாத்திவிட்டு வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தாய். எனக்கு ஏதாவது செய்துகொண்டிருந்தால் போதும் என்றிருந்தது. யாரும் கேட்காமலே இருபத்தாறு பக்கங்களையும் வரிவரியாக ஒழுங்குபடுத்தினேன். சுத்தமான வேலை என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

அதற்கடுத்த வருஷம் மே மாதம் நம் வீட்டுக் கணினியில் நீ அதே துடைக்கும் கட்டளையைக் கொடுத்தாய். தீரிலின் ஃபோன் உடைந்த பிறகு அவள் குரல் பதிவுகள் அந்தக் கோப்புறையில் மட்டும்தான் இருந்தன, எல்லாம் அழிந்துபோயின. நாற்பத்தொரு வானிலை அறிக்கைகள். சமையலறை ஜன்னலருகே ஸ்டூலில் நின்று உன் குரலைப் போலச் செய்து சொல்வாளே. அதில் ஒன்றுதான் எனக்கு முழுதாக நினைவிருக்கிறது: “தெற்குலேர்ந்து மழை வருது. அப்பா மழைக்கோட்ட மறந்துட்டுத்தான் போவாரு.” மற்றவை துண்டு துண்டாக. உனக்கு இன்னும் சில நினைவிருக்கலாம். நாம் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

அன்று நீ திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாய். கையேட்டைப் படித்துவிட்டுத்தான் செய்தேன் என்றாய். நான் என்ன சொன்னேன் என்பது உனக்கு மறந்திருக்காது. “நான் எழுதறதக்கூட நீ ஒழுங்காப் படிக்கமாட்டியா, ஹால்வர்?” அதன் பிறகு யார் கேட்டாலும், “நான் சரியாகப் படிக்கவில்லை” என்று நீயே சொல்ல ஆரம்பித்தாய். என் தம்பியிடம் சொன்னாய், பேரித்திடம் சொன்னாய். நான் பக்கத்தில் இருந்தேன், ஒரு தடவைகூட மறுக்கவில்லை. இலையுதிர் காலத்தில் தீவு வேலைக்கு விண்ணப்பம் போட்டாய்.

குழுவில் இருக்கும் யோஸ்தைனிடம் வரி காணாமல் போனதை மட்டும் சொன்னேன். அவனுக்கு நம்மைப் பற்றி ஒன்றும் தெரியாது. பழைய மாற்றங்களைத் தேடிப் பார்த்துவிட்டு, “இதுல உன் பேர்தான் இருக்கு. பரவாயில்ல விடு, எல்லாருக்கும் நடக்கிறதுதான். புள்ளிக்கு முன்னாடி ரெண்டு எழுத்து போட்டா சரியாயிடும்” என்றான்.

போட்டேன். சரியாகிவிட்டது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மாற்றத்துக்குக் காரணம் ஒரு வரியில் எழுத வேண்டும். “எச்சரிக்கை வரி இப்போது தெரிகிறது” என்று எழுதினேன். லுண்ட் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கு வேறு இடத்தில் நகல் இருந்ததாம், நன்றி என்று பதில் வந்தது. அதை மூடிவிட்டு அடுத்த பக்கத்தை எடுத்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. சாயங்காலம் வரை வேலை பார்த்தேன்.

இதைப் படித்தபின் உனக்கு என்மேல் கோபம் வந்தால் அது நியாயம்தான். அங்கே கூட இருப்பவர்களிடம் சொல்ல வேண்டுமென்றால் சொல். என் தம்பிக்கும் பேரித்துக்கும் நானே சொல்லிவிட்டேன். பேரித் அவனுக்கு எழுதிவிட்டாயா என்று மட்டும் கேட்டாள்.

ஏப்ரல் விமானத்தில் விடுப்பில் வர உனக்கு இடம் உண்டு என்றும், நீ வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாய் என்றும் உங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். இன்னும் மாற்றலாமாம். திட்டுவதற்காகவாவது வா. வர முடியாவிட்டால், உனக்கு நினைவிருக்கும் அறிக்கைகளை எழுதி அனுப்பு, அரைகுறையாக இருந்தாலும் சரி.

உடம்பைப் பார்த்துக்கொள். உன்னைச் சுற்றிக் காற்று அடங்கியே இருக்கட்டும்.

நீ சரியாகத்தான் படித்தாய், ஹால்வர்.

ரான்வெய்