திறக்காத பாட்டில்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீ நலமாக இருப்பதாக நேற்றும் போனில் சொன்னாய், அதை நான் பாதிதான் நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று நானும் எழுதிவிடலாம், எழுதினால் நீ நம்பாதே. அப்பாவுக்குச் சாதாரணக் காய்ச்சல் என்று சொன்னேனே, அது பொய். பயப்படாதே, ஆபத்து தாண்டிவிட்டது, இன்று காலை எழுந்து உட்கார்ந்து ஆஸ்பத்திரித் தலையணை சரியில்லை என்று குறை சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார். முழுசாகச் சொல்கிறேன், பாதியில் மடித்து வைக்காமல் படி. போனில் சொன்னால் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

ஒரு மாதமாகவே எனக்கு உன் அப்பாமேல் சந்தேகம். நம் லாண்ட்ரியில் ஊரார் சட்டையெல்லாம் என் கையில்தான் வெளுக்கிறது, யார் வெயிலில் நின்றார், யார் நிழலில் உட்கார்ந்தார் என்று காலரைப் பார்த்தே சொல்லிவிடுவேன், உனக்கே தெரியும். முன்பெல்லாம் கிரேனிலிருந்து இறங்கி வருகிற மனுஷனின் சட்டை முதுகில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு ஓடியிருக்கும். இந்தக் கோடையில் போட்டுக்கொண்டு போன சட்டை ஒரு கோடுகூட இல்லாமல் அப்படியே வந்தது. முப்பது மாடி உயரத்தில், நாலு பக்கமும் கண்ணாடி போட்ட கூண்டுக்குள் நாள் பூராவும் உட்கார்ந்தவருக்கு வியர்க்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்? அதோடு நான் நிரப்பிக் கொடுத்த இரண்டு லிட்டர் பாட்டில் கழுத்துவரை நிறைந்தே திரும்பி வந்தது. தலைவலி என்பார், தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுவார். வேலை போய்விட்டது, அதைச் சொல்லாமல் எங்கேயோ குளுகுளுவென்று உட்கார்ந்துவிட்டு வருகிறார், இல்லையென்றால் வேறு ஏதோ ஒரு வீட்டில் இவருக்குத் தண்ணீர் கிடைக்கிறது, இப்படித்தான் என் புத்தி போயிற்று. சிரிக்காதே. ஒரு மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு அந்தக் கட்டட வேலை நடக்கும் இடத்துக்கே போய், வேலிக்கு வெளியே நின்று அண்ணாந்து பார்த்தேன். மேலேதான் இருந்தார். கீழே நின்று கிரேனுக்குச் சைகை காட்டுகிறவரை விசில் அண்ணன் என்று கூப்பிடுவோமே, அவர்தான் என்னைப் பார்த்துவிட்டு வந்து பேசினார். காலை ஏழு மணிக்கு ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார், சாப்பாடுகூட மேலேதான் என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, ஆனால் சந்தேகம் போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பாட்டில் ஏன் குறையவே மாட்டேன் என்கிறது என்று ஒரு சண்டை போட்டேன். மறுநாளிலிருந்து பாட்டில் காலியாக வர ஆரம்பித்தது. ஒரு சொட்டு மிச்சமில்லை. அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை, குடிக்கிற மனுஷன் என்றைக்காவது ஒரு வாய் மிச்சம் வைக்க மாட்டானா? இப்படி இருக்கும்போது கீழ் வீட்டுத் தையல்காரம்மா ஒருநாள் அதிசயமாகச் சொன்னார், இந்த வெயிலில் தான் வைத்த செடியெல்லாம் கருகிவிட்டது, சைக்கிள் நிறுத்துமிடத்துப் பக்கத்துச் செம்பருத்தி மட்டும் கொழுகொழுவென்று பூக்கிறதாம். மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு இறங்கிப் போய் அந்தச் செம்பருத்தித் தொட்டி மண்ணைத் தொட்டுப் பார்த்தேன், பொடிப்பொடியாகக் காய்ந்து கிடந்தது. ஆறேகாலுக்கு அப்பா வந்தார். ஆறரைக்குத் திரும்பத் தொட்டேன், விரல் சேறாகிவிட்டது, பாட்டில் தண்ணீர் போகும் இடம் அதுதான். அன்றைக்கே கேட்டிருக்கலாம். ஆனால் என் புத்திதான் உனக்குத் தெரியுமே, நாளைக்குக் கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று வாயை மூடிக்கொண்டேன். அந்த நாளைக்குத்தான் அவர் மேலே மயங்கினார்.

மத்தியானம் இரண்டு மணிக்கு விசில் அண்ணன் கிரேனில் தொங்கிய கம்பிக்கட்டை நிறுத்தச் சொல்லிக் கை காட்டியிருக்கிறார், அது நிற்கத் தாமதமாயிற்றாம். வாக்கிடாக்கியில் கூப்பிட்டால் மேலேயிருந்து பதில் ஏதோ சம்பந்தமில்லாமல் வந்திருக்கிறது. உடனே நாலு பேர் ஏறிப்போய், பெல்ட்டில் கட்டி அவரை இறக்க ஒரு மணி நேரம் பிடித்தது. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் உடம்பு நம் இஸ்திரிப்பெட்டி மாதிரி கொதித்தது, தோலில் ஒரு பொட்டு ஈரமில்லை. நர்ஸம்மா அவர் நெஞ்சுத் தோலைக் கிள்ளி விட்டார், அது படியாமல் கூடாரமாக அப்படியே நின்றது. பிறகு அந்த அம்மா எனக்கு உட்கார்ந்து சொன்னார். வெளியே எவ்வளவு வெயிலடித்தாலும் உடம்புக்குள் சூடு ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்க வேண்டுமாம், ஏறினால் வியர்வை வந்து, காயும்போது சூட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகுமாம். ஈரத் துணியைக் கொடியில் போட்டால் கை சில்லென்று இருக்கிறதே, அதேதான். தண்ணீர் குறைந்தால் மூளைக்குத் தெரிந்துவிடும், தாகத்தைக் கிளப்பும், இருப்பதை வெளியே விடாதே என்று சிறுநீரகத்துக்கும் சொல்லிவிடும், அதனால்தான் சிறுநீர் கொஞ்சமாக, கடுந்தேநீர் நிறத்தில் போகிறது. அதற்கும் மிஞ்சினால் ரத்தத்துக்கே தண்ணீர் போதாது, வியர்வைக்கு எங்கே போவது? சூடு உள்ளேயே தங்கிப் புத்தியைக் கலக்கிவிடும் என்றார். வயது ஏற ஏறத் தாகம்கூடச் சரியாகத் தெரியாதாம். நான் என்னென்னவோ நினைத்து மனுஷனை வேவு பார்த்தேனே, அந்தச் சட்டை எனக்கு ஒரு மாதமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

இனிதான் உன் விஷயம். வாக்கிடாக்கியில் அப்பா என்ன சொன்னார் என்று விசில் அண்ணனிடம் கேட்டேன். மென்று முழுங்கினார். விடாமல் கேட்டதில் சொன்னார், அப்பா உன்னிடம் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசினாராம். “பாப்பா, காலைல தண்ணி குடிக்காதே. குடிச்சா எறங்கணும். எறங்கினா வேற ஆளை ஏத்திடுவாங்க.” இதையே மூன்று தடவை சொன்னாராம். நீ கிரேன் ஓட்டப் போகிறேன் என்று நின்றபோது அப்பாவும் மகளும் மொட்டைமாடியில் குசுகுசுவென்று பேசிய ரகசியம் இதுதானா?

நேற்று போனில் தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்டேன், நல்லாக் குடிக்கிறேம்மா என்று பட்டென்று சொன்னாய். உன் அப்பாவும் பொய்யை இப்படித்தான் யோசிக்காமல் சொல்வார். போன வாரம் துறைமுகத்துக் கிரேன் கூண்டிலிருந்து, வேலை முடிந்துவிட்டது என்று ஒரு படம் அனுப்பினாய் அல்லவா, பின்னால் சூரியன் இறங்குகிறது, நீ சிரிக்கிறாய். அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் தோளுக்குப் பின்னால் கடையில் வாங்கிய பாட்டில் ஒன்று நிற்கிறது, மூடிக்குக் கீழே இருக்கும் வளையம்கூட அறுபடவில்லை. உதடு வெடித்திருப்பதற்குக் கடல்காற்று என்றாய். பெண்களுக்கு இருப்பது ஒரே கழிப்பறை, அதுவும் யார்டின் அந்தக் கோடியில் என்று ஒருநாள் வாய் தவறிச் சொன்னாய். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தெரியாதா? கண்ணு, கழிப்பறை தூரமென்றால் அதைக் கேட்டு வாங்கு, நீ தனியாகக் கேட்காதே, அங்கே இருக்கும் பெண்களைச் சேர்த்துக்கொண்டு கேள். அதுவரை நீ இறங்கு. சாயங்காலம் வந்து ஒரேயடியாக ஒரு குடம் குடிப்பதும் வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாக நாள் பூரா குடி, வியர்த்துக் கொட்டுகிற நாளில் சாப்பாட்டில் உப்பைக் குறைக்காதே.

இதை அப்பாவிடம் கேட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். திரும்பாமலே சொன்னார். “அவகிட்ட சொல்லிடு. நான் சொல்லிக் குடுத்தது தப்புன்னு சொல்லிடு.” முப்பது வருஷத்தில் தப்பு என்ற வார்த்தையை அந்த வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

ஒருநாள் பொறுத்து நான் பட்டது போதும், அதனால் இதைத் தபாலில் போடவில்லை. விசில் அண்ணனின் மச்சான் இன்று உன் ஊர்ப்பக்கம் லாரி ஓட்டிக்கொண்டு வருகிறார், நாளை காலை நீ வேலைக்கு ஏறுவதற்கு முன்னால் கையில் கொடுப்பார். நீ ஒரு செம்புத் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை நகரக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன், சொன்னதைச் செய்கிற மனுஷன், அவரிடம் முறைக்காதே. நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், உன் உடம்புக்கு ஒன்றும் வரக் கூடாது, இதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. ஒன்றை மட்டும் நினைவில் வை. குடித்துவிட்டேன் என்று காலி பாட்டிலைப் படம் பிடித்து அனுப்பாதே. பாட்டில் எங்கே போய்க் காலியாகும் என்று எனக்குத் தெரியும்.

உன் பேச்சை நம்பாத, உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா

(கீழே இருப்பது அப்பா எழுதியது, படுத்தபடி எழுதியதால் கோணல்மாணலாக இருக்கும்.)
பாப்பா, எறங்கிக்கோ. சுமை காத்திருக்கும்.