கண்ணை மூடிக் கேட்ட மணி

இன்று காலை ஃபிரீசரைத் துப்புரவாக்கினேன். மகள் புதிது ஒன்று வாங்கி அனுப்புகிறாள். பழையதை இந்த மூன்றாம் மாடியிலிருந்து இறக்க மத்தியானம் ஆட்கள் வருவார்கள் என்பதால், உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்துக் குசினி மேசையில் பரப்பினேன்.

நீங்கள் ஒட்டிய டேப்புகள் ஒன்றும் கழலவில்லை. தைப்புத் தொழிற்சாலையில் வெட்டிய துணிக்கட்டுகளுக்கு இலக்கம் எழுதி ஒட்டிய கை, வீட்டில் மீனைக்கூட விட்டுவைக்கவில்லை. 'அறக்குளா, 6 துண்டு.' 'முருங்கைக்காய், பிஞ்சு.' 'தலை, 2.' அந்தத் தலைகள் யாருடையவை என்று நான் கேட்டதற்கு ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்தீர்களே, ஞாபகமா? மீனெல்லாம் எப்போதோ தின்று தீர்ந்துவிட்டது. அறக்குளா என்று எழுதிய பெட்டிக்குள் இப்போது தேங்காய்ப்பூ இருக்கிறது. டேப்பைக் கிழிக்க மட்டும் மனம் வரவில்லை.

எல்லாவற்றுக்கும் அடியில், கறிவேப்பிலைப் பைக்குப் பின்னால், வெள்ளித் தாளில் சுற்றிய அரைக்கட்டிச் சொக்லேட் கிடந்தது. அதிலும் டேப். அதிலும் உங்கள் கையெழுத்து. எத்தனை துண்டு என்றோ என்ன வகை என்றோ எழுதவில்லை. 'அவசரமில்லை' என்று மட்டும் எழுதியிருந்தீர்கள்.

அதைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. விரல் விறைத்த பிறகுதான் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன். இதை எழுதத் தொடங்கி, உங்களை எப்படி விளிப்பது என்று தெரியாமல் முழித்தேன். முப்பத்தொரு வருடம் பேர் சொல்லாமலே குடும்பம் நடத்தியாயிற்று. இஞ்சாருங்கோ என்றால் திரும்பிப் பார்ப்பீர்கள், அது போதுமாக இருந்தது.

அந்தச் சுவிஸ் பயணத்துக்கு நீங்கள் பதினெட்டு வருடம் காத்திருந்தீர்கள். கேட்பவர்களுக்கெல்லாம், அண்ணரைப் பார்க்கப் போகிறேன் என்றுதான் சொன்னீர்கள். உண்மை எனக்கு மட்டும் தெரியும். எண்பதுகளின் நடுவில் ஏஜென்சிக்காரன் உங்களை இத்தாலிப் பக்கத்திலிருந்து வாகனமொன்றில் ஏற்றி, கம்பளிச் சுருள்களுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேரோடு அடுக்கி, அந்த நாடு முழுவதையும் கடத்திக்கொண்டு போனான். உலகமே போய்ப் பார்க்கிற மலையையும் ஏரியையும் நீங்கள் ஒரு கம்பளி மணத்தோடு கடந்தீர்கள். பகலா இரவா என்றுகூடத் தெரியவில்லை என்பீர்கள்.

வழியில் ஓரிடத்தில் வாகனம் நின்றது. சுற்றிவர மணிச் சத்தம். ஒன்றிரண்டல்ல, நூறு மணி. கனத்த மணி, மெல்லிய மணி, வாகனத்தின் தகரத்தோடு உரசுகிற மணி. பொலிஸ் பிடித்துவிட்டது என்று ஒருவர் நினைத்தார். 'எங்களுக்குத்தான் சேமக்கலம் அடிக்கிறாங்கள்' என்று சொல்லி இன்னொருவர் அழத் தொடங்கினார். செத்த வீட்டில் அடிக்கிற அந்தச் சேமக்கலச் சத்தம் உங்களுக்கும் அப்படித்தான் கேட்டது. கால் மணி நேரத்தில் வாகனம் நகர்ந்தது. மணி பின்னால் போய்த் தேய்ந்தது. அது என்ன மணி என்று யாருக்கும் தெரியவில்லை.

கனடாவுக்கு வந்து சேர்ந்த பிறகு, மொன்றியலில் எத்தனை தரம் அதைச் சொல்லியிருப்பீர்கள். பார்க் மெட்ரோவில் ரயில் சுரங்கத்துக்குள் நுழையும்போது சொல்வீர்கள். பனி வழிக்கும்போது சொல்வீர்கள். "ஒருக்கா அந்த நாட்டைப் பகலிலை, யன்னலோரத்திலை இருந்து பாக்கவேணும். அந்த மணி என்னெண்டும் அறியவேணும்." கடவுச்சீட்டு கையில் கிடைத்த அன்றும் இதையேதான் சொன்னீர்கள்.

இரண்டாயிரம் பிறந்து மூன்று வருடம் கழித்து, ஒரு ஆவணியில் புறப்பட்டோம். சூரிச்சில் உங்கள் தமையன் ஏற்கெனவே பட்டியல் போட்டு வைத்திருந்தார்: சாப்பிடப் போகவேண்டிய வீடுகள் பதினொன்று, சாமத்தியச் சடங்கு வீடு ஒன்று, கோயில் இரண்டு. ஒரு வீட்டில் இரண்டாந்தரம் சோறு வாங்காவிட்டாலும் அடுத்த தலைமுறை வரைக்கும் கதை போகும். அந்தப் பட்டியலுக்குள் மலை ஏறி நுழைய இடமே இல்லை. ஆயுளில் ஒரு பொய்யும் ஒழுங்காகச் சொல்லத் தெரியாத மனிதர் நீங்கள், சனிக்கிழமை வருகிறோம் என்று தமையனுக்குச் சொல்லிவிட்டு, அதற்கு முந்தின சனிக்கிழமையே என்னோடு ஜெனீவாவில் வந்து இறங்கினீர்கள்.

அந்த ஏழு நாளும் நீங்கள் வேறு ஆள். ஏரிக்கரை வழியே ரயில் போக, கண்ணாடியில் நெற்றியை வைத்தபடி இருந்தீர்கள். திராட்சைத் தோட்டங்கள் படிபடியாக ஏறின, அவற்றுக்கு மேலே காடு, காட்டுக்கு மேலே வெறும் பாறை, அதற்கும் மேலே ஆவணி வெயிலில் கரையாத பனி. நான் வாய் மூடவில்லை, நீங்கள் இருக்கையின் கைப்பிடியை விடவில்லை. இவ்வளவு பெரிய ஒன்றைப் பார்த்தால் மனிதருக்குப் பயம் வரும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

தண்ணீருக்குள்ளேயே கால் வைத்து நிற்கிற ஒரு கோட்டைக்குப் போனோம். மற்றவர்கள் மண்டபத்தையும் வாளையும் பார்க்க, நீங்கள் கீழே சிறைக்கூடத்தில் நின்றுவிட்டீர்கள். சுவரில் ஒரு சாண் அகல வெட்டு, அதற்குள்ளால் நீல ஏரி. பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"எங்கடை வாகனத்திலை இப்பிடி ஒரு ஓட்டை இருந்திருந்தால் காணும்," என்றீர்கள்.

சொக்லேட் கட்டியை வாங்கியது மலையடிவாரக் கிராமத்தில். எங்கள் மொன்றியல் பார்க் எக்ஸ்டென்ஷன் பிரெஞ்சில் நீங்கள் 'பொன்ஜூர்' சொன்ன விதத்திலேயே கடைக்காரப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் கட்டியை உடைத்த சத்தமும், பின்னறையில் பாலும் கொக்கோவும் சேர்ந்து காய்கிற மணமும் இப்போதும் காதிலும் மூக்கிலும் இருக்கின்றன. நான் கடித்து விழுங்கினேன். நீங்கள் நாக்கில் வைத்துக்கொண்டு தெருவின் அந்தம் வரைக்கும் நடந்தீர்கள்.

அதே கிராமத்தில்தான் நான் எல்லாவற்றையும் கெடுக்கப் பார்த்தேன். ஏழு நாளும் அந்த ஊர்ச் சாப்பாடுதான் என்று நீங்கள் கட்டளை போட்டிருந்தும், கைப்பைக்குள் ஒரு சின்னப் போத்தலில் வறுத்த மிளகாய்த்தூள் கொண்டு வந்திருந்தேன். உருளைக்கிழங்கைத் துருவிப் பொரித்து, மேலே சீஸை உருக்கி ஊற்றித் தந்தார்கள். நீங்கள் கை கழுவப் போன நேரத்தில் என் பங்கில் தூளைத் தூவினேன். அமிர்தமாக இருந்தது. சாப்பிட்ட கோப்பை கழுவ உள்ளே போய் ஐந்து நிமிடமில்லை, குசினிக் கதவு திறந்து, நனைந்த ஏப்ரனோடு ஒரு மனிதர் என் கோப்பையை மூக்கருகே பிடித்தபடி வெளியே வந்தார். ஒவ்வொரு மேசையாகப் பார்த்துக்கொண்டு வந்து எங்கள் முன்னால் நின்றார்.

"பதினாலு வருசம் இந்தக் குசினிக்குள்ளை கோப்பை கழுவிறன். யாழ்ப்பாணத் தூள் மணத்தோடை ஒரு கோப்பை இண்டைக்குத்தான் வந்திருக்கு. நீங்கள் எவடம்?"

புங்குடுதீவுக்காரர், பெயர் தயாபரன். எங்கள் ஆட்கள் இல்லாத சுவிஸ் குசினி ஒன்று இருக்கும் என்று நம்பியது எங்கள் பிழை. உங்கள் முகத்தை அவர் உற்றுப் பார்த்தபோதே, தூள் போத்தலைக் கைப்பைக்குள் இன்னும் ஆழத் தள்ளினேன்.

"அண்ணை, நீங்கள் சூரிச் கணேசண்ணையின்ரை தம்பியெல்லே? அதே மூக்கு. கோயில் தேருக்கு அவரோடைதான் நான் சமையல். சனிக்கிழமைதான் வாறியள் எண்டவர்?" என்று சொல்லிக்கொண்டே சந்தோஷத்தில் போனை எடுத்துவிட்டார்.

நீங்கள் எழும்பி அந்தக் கையைப் பிடித்தீர்கள். "தம்பி, கொஞ்சம் பொறும்."

பிறகு அவரைக் கதிரையில் இருத்தி, வாகனத்தையும் கம்பளியையும் மணியையும் சொன்னீர்கள். வீட்டுக்கு வெளியே நீங்கள் அதைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தரம். அவர் ஏப்ரனில் கையைத் துடைத்துத் துடைத்துக் கேட்டார். நீங்கள் முடித்ததும் கதிரையை முன்னால் இழுத்தார். பிறகு, "அது மாட்டு மணியண்ணை," என்றார்.

உங்களுக்குக் கோபமே வந்துவிட்டது. "மாடே? கோயில் மணி மாதிரியெல்லோ கேட்டது!"

"இஞ்சத்தை மாட்டுக்கு அந்த அளவிலைதான் கட்டுவாங்கள். இப்ப எல்லாம் மேலை மேயுது. வியாழக்கிழமை எனக்கு லீவு, கூட்டிக்கொண்டு போறன். கணேசண்ணைக்கு வாய் திறக்கமாட்டன், பயப்பிடாதேங்கோ." கதிரையை விட்டு எழும்பி, "நானும் மேலை போனதில்லை," என்றார். பதினாலு வருடமாக அந்த மலைக்குக் கீழே கோப்பை கழுவியவர்.

வியாழன் காலை, மலையேறுகிற பல்சக்கர ரயிலில் ஏறினோம். யன்னலோரம் உங்களுக்கு. பத்து நிமிடத்தில் முகில் இறங்கி ரயிலையே மூடியது. ஏரி போயிற்று, காடு போயிற்று, பக்கத்துத் தண்டவாளம்கூடத் தெரியவில்லை. நீங்கள் கண்ணாடியைக் கைலேஞ்சியால் துடைத்துப் பார்த்தீர்கள், பிறகு கைலேஞ்சியை மடித்து வைத்தீர்கள்.

"இந்த முறையும் திரை போட்டிட்டாங்கள்," என்றீர்கள்.

நான் அந்தக் கைலேஞ்சியை வாங்கிக் கண்ணாடியைத் திரும்பத் துடைத்தேன். அடுத்த நாள் கடைசி நாள், அதற்கு அடுத்த நாள் சூரிச் போயாக வேண்டும். இன்னொரு பயணத்துக்கு உங்கள் நெஞ்சு இடம் கொடுக்காது என்று வைத்தியர் எனக்குத் தனியாகச் சொல்லியிருந்தார். உங்களுக்கும் தனியாகச் சொல்லியிருந்தாராம். நாங்கள் இரண்டு பேரும் அதை ஒளித்து வைத்துக்கொண்டுதான் அந்த ரயிலில் இருந்தோம்.

மேலே இறங்கியபோதும் எல்லாம் வெள்ளை. தயாபரன் முன்னால் தடவித் தடவி நடந்தார். ஈரப் புல்லுக்குள் ஒரு கால் வழி. அப்போதுதான் கேட்டது. முதலில் ஒன்று, தூரத்தில். பிறகு இடப்பக்கம், வலப்பக்கம், காலடிக்குக் கீழே, தலைக்கு மேலே. கனத்த மணி, மெல்லிய மணி. நீங்கள் சொன்ன அதே நூறு மணி. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பதினெட்டு வருடமாகக் கதையில் கேட்ட சத்தம், நான் நிற்கிற மண்ணுக்கு வந்துவிட்டது.

நீங்கள் நின்ற இடத்தில் நின்று கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

காற்று திரும்பியது அந்த நேரம் பார்த்து. முகில் கிழிந்து, முதலில் ஒரு பழுப்பு மாடு, கழுத்தில் பானையளவு மணியோடு. பிறகு பத்து, முப்பது. மாடுகளுக்குப் பின்னால் பச்சைச் சரிவு, சரிவுக்குக் கீழே ஏரி முழுதாக, ஏரிக்கு அக்கரையில் வானத்தை மறித்துக்கொண்டு வெள்ளை மலைகள், ஒன்றின் பின் ஒன்றாக, முடிவே இல்லாமல். தயாபரன் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். நான் கும்பிட்டேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

ஆனால் பார்க்க வந்த நீங்கள் பார்க்கவில்லை. முகில் திரும்ப மூடிவிடுமே என்று எனக்குப் பதற்றம். "இஞ்சாருங்கோ, கண்ணைத் திறவுங்கோ! எல்லாம் தெரியுது!" என்று கையைப் பிடித்து உலுக்கினேன்.

"பொறப்பா. அவசரமில்லை," என்றீர்கள். அந்தக் கம்பளி இருட்டில் கேட்டதோடு ஒவ்வொரு மணியாக ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று பிறகு சொன்னீர்கள்.

பிறகு திறந்தீர்கள். ஒரு மாடு உங்கள் முழங்கையை முகர்ந்துகொண்டு நின்றது. அதைப் பார்த்தீர்கள், அதற்குப் பின்னால் இருந்த அத்தனையையும் பார்த்தீர்கள். கண்ணால் தண்ணீர் ஓடச் சிரித்தீர்கள்.

"சேமக்கலம் இல்லையப்பா. மாடு. வெறும் மாடு!"

சனிக்கிழமை சூரிச்சில், விமானம் எப்படி என்று கேட்ட தமையனுக்கு நல்லது என்றீர்கள். வெயிலில் தோலுரிந்த உங்கள் மூக்கை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "மொன்றியலிலை இப்ப நல்ல வெயில் போலை," என்று சொல்லிவிட்டுப் பதினொரு வீட்டுக்கும் எங்களைக் கூட்டிப் போனார்.

அதற்குப் பிறகு மூன்று குளிர்காலம் உங்களோடு இருந்தேன். கடைசிக் காலையில், ஆஸ்பத்திரி யன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. நீங்கள் கண்ணை மூடினீர்கள். அந்தச் சரிவில் சொன்ன அதே குரலில்தான் சொன்னேன், "இஞ்சாருங்கோ, கண்ணைத் திறவுங்கோ" என்று. தாதி வந்து என் தோளைத் தொடும்வரைக்கும் காத்திருந்தேன். நீங்கள் எதையோ ஒத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், முடிந்ததும் திறப்பீர்கள் என்றே நினைத்தேன்.

செத்தவீட்டில் சேமக்கலம் அடித்தார்கள். எல்லாரும் அழ, எனக்கு மட்டும் உதட்டில் சிரிப்பு வந்தது. மகள் பயந்துபோனாள். வெறும் மாடு, பிள்ளை, என்று அவளுக்கு எப்படிச் சொல்வேன்? பிறகு சொன்னேன். அவள் என்னைவிட அதிகம் அழுதாள்.

சொக்லேட் கட்டி வெளுத்துப் போயிருக்கிறது. ஒரு துண்டு உடைத்து வாயில் வைத்தேன். இந்த முறை கடிக்கவில்லை. கறிவேப்பிலை மணம் கொஞ்சம் ஏறியிருக்கிறது, உங்களுக்கு அது பிடித்திருக்கும். கண்ணை மூடி அது கரையும்வரை இருந்தேன், பிறகு திறந்தேன். மேசை, பெட்டிகள், உங்கள் எழுத்து.

கீழே வாசல் மணி அடிக்கிறது. ஆட்கள் வந்துவிட்டார்கள். மிச்சத்தைத் திரும்பச் சுற்றி, டேப்பை அதே இடத்தில் அழுத்தி ஒட்டி, புது ஃபிரீசருக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். நீங்கள்தானே எழுதி வைத்தீர்கள், அவசரமில்லை என்று. நான் மெல்ல வாறன்.