சொல்லிக்கொடுத்த பதில்கள்

காலையில் நாள்காட்டித் தாளைக் கிழித்துக் கிழமையைப் படித்ததும் வாயில் கசப்பு ஊறியது. உமக்கு நான் கடைசியாகச் சொல்லிக்கொடுத்தது கிழமைதான்.

பாளையங்கோட்டையில் உமக்கு இடுப்பெலும்பு அறுவைச் சிகிச்சை முடிந்த மூன்றாம் நாள் அது. ஆஸ்பத்திரிச் சுவரைப் பார்த்து, "பத்தாம் வகுப்புல சத்தம் கேக்கு, போய்ப் பாரும்வே" என்றீர். நாம் இருவரும் பள்ளி வேலையிலிருந்து ஓய்வுபெற்று இருபது வருடம் ஆகியிருந்தது. கொஞ்ச நேரத்தில் தெளிந்தீர். சாயங்காலம் மறுபடி மங்கிப்போனீர். எனக்கு வந்தது பயம் அல்ல, வெட்கம். கணக்கு வாத்தியார் டாக்டர் முன்னால் உளறுவதா?

பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வதுபோல உம்மைத் தயார் செய்தேன். டாக்டர் தினமும் கேட்கும் கேள்விகளை ஒரு தாளில் வரிசையாக எழுதினேன்: பெயர், ஊர், கிழமை. அவர் வருவதற்குக் கால்மணி முன்னால் உம் முகத்தைத் துடைத்துவிட்டு, பத்துத் தடவை சொல்லவைத்தேன். "நான் என்ன பெயிலான பயலாவே?" என்று முனகினீர்.

அவர் கேட்டார், நீர் சொன்னீர். "நல்லா இருக்காரு" என்று நகர்ந்தார். இரண்டு நாள் இப்படியே. நான் பெருமைப்பட்டேன்.

அடுத்த நாள் வேறொரு பெண் டாக்டர் வந்தார். என் பட்டியலில் இல்லாததைக் கேட்டார்.

"சார், டிசம்பர்ல இருந்து மாசத்தைத் தலைகீழா சொல்லிட்டே வாங்க."

டிசம்பர், நவம்பர் என்றீர். பிறகு ஜன்னலைப் பார்த்தபடி அதோடு நிறுத்திவிட்டீர்.

"வயசாயிட்டுல்லா மேடம்" என்றான் உம் மகன்.

"வயசு இப்படித் திடீர்னு வராது. இது டெலீரியம். உடம்புல எங்கயோ இருக்கிற கோளாறு மூளையைக் குழப்புது. இது ஸ்கேன்ல தெரியாது. கவனம் நிக்குதான்னு நாங்க கேட்டுப் பாக்கணும். என்னைக்குத் தொடங்குச்சு, வந்து வந்து போகுதான்னு கூட இருக்கிறவங்கதான் சொல்லணும். எப்ப இருந்து இப்படி?"

இரவும் பகலும் கூட இருந்த என்னை எல்லோரும் பார்த்தார்கள். தாளைச் சட்டைப்பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினேன்.

"இன்னைக்குத்தான் மேடம்" என்றேன்.

சிறுநீர்க் கிருமி ரத்தத்தில் ஏறியிருந்தது. அதற்கு நாலாவது நாள் போய்விட்டீர். முதல் நாளே சொல்லியிருந்தால் பிழைத்திருப்பீரா என்பது எனக்குத் தெரியாது. அந்தத் தெரியாமையை வைத்தே இத்தனை நாளும் என்னைத் தேற்றிக்கொள்கிறேன். அதுதான் எல்லாவற்றிலும் அருவருப்பானது.

தச்சநல்லூர் பஸ்ஸில் என்னைக் கண்டால் உம் மகன் எழுந்துகொள்கிறான். "உக்காருங்க சார். அப்பா கூடக் கடைசி வரைக்கும் இருந்தியளே" என்கிறான்.

நான் உட்கார்ந்துகொள்கிறேன்.