கேட்டில் நீ சொன்னது

மாப்ள,

நம் தெருமுனையில் பாண்டி மெத்தைக் கடை போட்டிருக்கிறான். இன்று காலை அவன் பஞ்சு அடித்தபோது தூசி பறந்து என் மூக்கில் ஏறிவிட்டது. நான் தும்மிய தும்மல் திருமங்கலம் பஸ் ஸ்டாண்டு வரை கேட்டிருக்கும். அந்தப் பஞ்சு வாசனையோடு நம் நூல் மில் கேட்டும், கேட்டை ஒட்டி நீயும் வந்து நின்றுவிட்டீர்கள்.

பாண்டியின் அப்பாவை நீ மறந்திருக்க மாட்டாய். நம் மில்லில் பதிலி ஆள். நிரந்தரக்காரன் வராத நாளில் மட்டும்தான் அவருக்கு வேலை. அந்த நீண்ட வேலைநிறுத்தத்தில் முதலில் அடுப்பு அணைந்தது பதிலிகள் வீட்டில்தான். சங்கச் செயலாளரான நீ ஒரு விடியற்காலையில் அவர்களைக் கேட்டுக்கு வரச் சொன்னாய். பக்கத்தில் நான் இருந்தேன். நான் இல்லாமல் நீ எங்கே போயிருக்கிறாய்?

"உள்ள போங்கப்பா. உங்க பிள்ளைக பட்டினி கிடந்து சங்கத்தக் காப்பாத்த வேணாம்" என்றாய். அவர்கள் தயங்கித் தயங்கி உள்ளே போனார்கள். நீ என் தோளைப் பிடித்து, "யாராச்சும் இவுகளக் கருங்காலின்னு சொன்னா, நான்தான் போகச் சொன்னேன்னு சொல்லு மாப்ள" என்றாய். அந்த மாதமே மாரடைப்பில் போய்விட்டாய்.

நான் சொல்லாமலா இருந்தேன்? டீக்கடை டீக்கடையாகச் சொன்னேன். வெறும் கேட்டை மட்டும் சொன்னால் யார் உட்கார்ந்து கேட்பார்கள்? அதனால் போலீஸ் குதிரையின் வாலைப் பிடித்து நான் நிறுத்தியதையும் சேர்த்துச் சொன்னேன். சனங்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள்.

இப்போது சங்கம் உன்னைப் பற்றிப் புத்தகம் போடுகிறது. அதில் கடைசி மூச்சு வரை விட்டுக்கொடுக்காத தலைவர் நீ. காட்டிக்கொடுத்த கருங்காலிகள் பதிலிகள். அந்தக் கருங்காலி வரிசையில் பாண்டியின் அப்பா பெயரும் இருக்கிறது. போன வாரம் அதற்காகக் கூட்டம் போட்டார்கள். மதுரையே திரண்டு வந்திருந்தது. முப்பது பேர் என்பார்கள், அவர்களுக்கு எண்ணத் தெரியாது. நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் பல்கலைக்கழகத்தில் தொழிலாளர் வரலாறு ஆராய்கிற ஒரு பெண்ணும் போனில் பதிவு செய்துகொண்டிருந்தாள். பழைய காகிதம் எல்லாம் சங்க ஆபீசில்தான் இருப்பதால், அவர்கள் தயவு அவளுக்கும் வேண்டும்.

நான் மைக்கைப் பிடித்து நடந்ததை நடந்தபடி சொன்னேன். இப்போதைய செயலாளர் சிரித்துவிட்டான்.

"அண்ணே, போன மேடையில குதிரை வாலப் பிடிச்சீங்க. இன்னைக்குத் தலைவரே ஆள உள்ள அனுப்புனாருன்னுட்டீங்க!"

"அப்ப மதுரைக்கு ஏதுய்யா குதிரைப் போலீசு?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். கூட்டம் உருண்டு சிரித்தது. செயலாளர் என்னைக் கீழே இறக்கும்போது காதோரம் சொன்னான்: "நிசமாவே இருக்கட்டும்ணே. சங்கத் தேர்தல் வருது. இத வெளிய விட்டா எதிர்ச் சங்கத்துக்காரன் போஸ்டர் அடிச்சு ஒட்டிருவான்."

வெளியே வந்து அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "நீயாச்சும் எழுதுவியாம்மா?"

"எழுதுவேன் ஐயா. நீங்க சொல்றதா எழுதுவேன். அங்க இருந்தவங்க வேற யாராச்சும் இருக்காங்களா?"

"எல்லாரும் போய்ச் சேந்துட்டாக. குதிரைய எடுத்துட்டு கேட்ட மட்டும் போடேன்."

"அப்படி எடுக்க முடியாது. ரெண்டும் ஒரே வாயில வந்தது இல்லையா, ஐயா?"

எட்டாம் வகுப்பில் வாத்தியாரையே வாயடைக்க வைத்தவன் நான். அவளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பஸ் ஏறினேன்.

அவள் மேல் கோபம் இல்லை, மாப்ள. சங்கக்காரனுக்குத் தலைவர் வேண்டும், அவளுக்குச் சாட்சி வேண்டும். நடுவில் பாண்டியின் அப்பா யாருக்கு வேண்டும்?

இன்று தும்மி முடித்ததும் பாண்டியிடம் போய் உட்கார்ந்தேன். கேட்டில் நீ சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் சொன்னேன். அவன் பஞ்சடிக்கும் வில்லைக் கீழே வைத்தான்.

"குதிர, பெரியப்பா?"

"இல்லடா. குதிரையே இல்ல."

"அப்ப கேட்டு?"

"அது நிசம்."

அவன் வில்லை எடுத்தான். மறுபடி பஞ்சை அடிக்கத் தொடங்கினான். நம்பினானா என்று இந்த நேரம் வரை எனக்குத் தெரியவில்லை. நாளைக்கும் போய் உட்காருவேன். நீ தோளில் வைத்த கை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, மாப்ள. குதிரையைத்தான் விட்டுவிட்டேன்.