எந்திரிச்சிட்டேன் சார்

என் அக்கா வயிற்றில் பிறந்து என் தோளில் வளர்ந்த குமரேசா, மாப்ளே,

உன் மாமன் எழுதுகிறேன். எட்டாங்கிளாசோடு நின்றவன் எழுதுகிற கடிதம், சிவப்பு மையில் சுழித்துவிடாதே. உன்னை எடுத்த அன்று ஏரியூர் ரோடே அடைத்துக்கொண்டது, பஸ்ஸெல்லாம் பாதை மாறிப் போனது, கலெக்டர் வண்டிகூட ஓரங்கட்டி நின்றது என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறேன். கணக்கு வாத்தியார் நீ, பாதியைக் கழித்துக்கொள்வாய். கழித்தாலும் பெரிய கூட்டம்தான். அதில் வாய்விட்டு அழுததெல்லாம் உன் பத்தாங்கிளாஸ் பிள்ளைகள்.

பள்ளிக்கூடத்துச் சேதி கேள். காசு உள்ளவன் பிள்ளை இப்போதும் மஞ்சள் வேனில் தனியார் பள்ளிக்குத்தான் போகிறது. ஒரே வீட்டில் தம்பி வேனில் ஏறுகிறான், அக்கா நடந்து கவர்மென்ட் பள்ளிக்கு வருகிறாள். உன் வகுப்பில் பெண்பிள்ளைகள் அதிகம் இருப்பது அதனால்தான் என்று நீயே சொல்வாய். மீதி யார்? பெங்களூரில் சென்ட்ரிங் வேலைக்குப் போன அப்பன் அம்மாவைப் பிரிந்து சித்தி வீட்டில் கிடப்பவர்கள். வீட்டில் கன்னடமும் தெலுங்கும் பேசிவிட்டு வகுப்பில் தமிழில் தேற்றம் படிப்பவர்கள். அப்பாவின் தையல் கடையில் சட்டைக்குக் காஜா எடுத்துவிட்டு ஓடிவரும் பாய் வீட்டுப் பிள்ளைகள். "பாஸ் பண்ண வெக்கிறது அப்புறம் மாமா, முதல்ல எழுப்பி உக்கார வெக்கணும்" என்பாய்.

அந்த எழுப்புகிற வேலையில்தான் இன்னும் உன் பேர் ஓடுகிறது. விடியுமுன் ஒவ்வொரு பிள்ளைக்கும் போன் அடிப்பாய். ஒன்றும் பேசமாட்டாய். எடுத்து "எந்திரிச்சிட்டேன் சார்" என்றால் வைத்துவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போவாய்.

நீ போன பிறகு உன் போனை அணைக்க அக்காவுக்கு மனசு வரவில்லை. சார்ஜ் போட்டுச் சாமி படத்தின் பக்கத்தில் வைத்திருந்தாள். ஒருநாள் விடியலில் அது அலாரம் அடித்தது. நிறுத்துகிறேன் என்று எதையோ அமுக்கினேன், யாருக்கோ கால் போய்விட்டது. "எந்திரிச்சிட்டேன் சார்" என்றது தூக்கக் கலக்கத்தில் ஒரு பிள்ளை. சொன்ன பிறகுதான் அதற்கு உறைத்தது. ஒரு விசும்பல். ஆனால் போனை வைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் புத்தகம் புரட்டும் சத்தம் கேட்டது மாப்ளே.

அன்றிலிருந்து நான்தான் அடிக்கிறேன். உன்னை மண்ணில் வைத்ததை அந்தப் பிள்ளைகள் எல்லாம் பார்த்தார்கள். ஆனாலும் "யாரு பேசறது?" என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. நானும் வாய் திறந்ததில்லை. அடிவாரத்தில் நின்று நான் பேசினால் தீர்த்தமலை உச்சியில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான், அப்பேர்ப்பட்ட குரல். அதைத் தொண்டையிலேயே அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என் குரல் கேட்டால் நீ இன்னொருமுறை செத்துப்போவாய் என்று ஒரு பயம்.

அவர்களில் ஒருத்தியை மஞ்சுளா என்று வைத்துக்கொள்கிறேன். நிசப் பேரும் ஊரும் உனக்குத் தெரியும், கடிதம் வேறு யார் கையிலும் சிக்கிவிடக்கூடாதே என்று எழுதமாட்டேன். கன்னடம் பேசுகிற வீடு. அரையாண்டில் கணக்கில் தேறவில்லை. பொங்கல் கழித்து அவள் அப்பா பெங்களூரிலிருந்து வந்தார், கூட வேலை செய்கிற ஆட்களுக்குச் சோறாக்க அவளைக் கூட்டிப்போக. பெற்றோர் ஆசிரியர் கழகத்து ஆள் என்ற தோரணையில் எச்.எம். அம்மாவிடம் ஓடினேன்.

"என்னங்க பண்றது? தர்மபுரி மீட்டிங்ல நிக்க வெச்சி, ரிசல்ட் எங்கன்னு கேக்கறாங்க. ஃபெயில் ஆகற புள்ளய வீட்டுலயே கூட்டிட்டுப் போறேங்கறாங்க. எந்த வாயில தடுக்கறது?" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவரைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் விடியலில் மஞ்சுளா வழக்கமானதைச் சொல்லவில்லை. "சார், அப்பா இன்னிக்கு கூட்டிட்டுப் போறாரு. பரீட்சை வேணாங்கறாரு. நான் எழுதட்டுமா சார்?"

மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க மூச்சு விடறது கேக்குது சார். சரிங்க சார், எழுதறேன்." வைத்துவிட்டாள்.

மாப்ளே, ஒன்றைப் பத்தாக்கியே பிழைத்தவன் நான். இதில் ஒரு சொல்கூடக் கூட்டவில்லை. நெஞ்சு வலிக்க மூச்சை அடக்கியிருந்தேன், விடவே இல்லை. அவள் கேட்டது யாருடைய மூச்சு? அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அந்தப் போனைக் காதிலிருந்து எடுக்கவேமாட்டாள்.

பொழுது விடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு மஞ்சுளா வீட்டுக்குப் போனேன். வாசலில் பை கட்டித் தயாராக இருந்தது. அவள் அப்பா அதன் பக்கத்தில் தன் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வாங்கண்ணா. சார் போன்ல எழுதச் சொன்னாருன்னு சொல்றா. இதே கையாலதாங்க மண்ணு போட்டேன் அவருக்கு."

"பேடப்பா, வேணாம், நான் வரல" என்றாள் மஞ்சுளா. என் சட்டைப் பையில் உன் போன் துருத்திக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தாள், அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். "நீங்களே சொல்லுங்க மாமா. சார் என்னிக்காவது பொய் சொல்லியிருக்காரா?"

"இவரப் போயி கேக்கறியா? இவரு வாயில பூந்தா ஆட்டுக்குட்டி ஆனையா வெளிய வரும்" என்றார் அப்பா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "பொய்யெல்லாம் என்னோட சரிங்க. அவன் பொய் பேசுனதில்ல" என்றேன்.

 அவர் எழுந்து பையை உள்ளே வைத்தார். "பரீட்சை முடியற வரைக்கும்தான். ரிசல்ட்டு வரட்டும். ஃபெயிலுன்னா சாரே வந்து நின்னாலும் கேக்க மாட்டேன்."

எழுதிவிட்டாள். கணக்குப் பரீட்சை முடிந்து வெளியே வந்தவள் என்னைத் தாண்டிப் போகும்போது, "கடைசிக் கணக்கு பாதிதான் வந்துச்சுன்னு சார்கிட்ட சொல்லிடுங்க மாமா" என்றாள். சொல்லிவிட்டேன். உனக்குக் கேட்டதா?

இப்போது லீவு. அலாரம் மட்டும் அடிக்கிறது, நானும் போன் அடிக்கிறேன். மற்ற பிள்ளைகள் எடுப்பதில்லை. அவள் எடுக்கிறாள். அவளும் பேசுவதில்லை, நானும் பேசுவதில்லை. நடுவில் இன்னொரு ஆள் உட்கார்ந்திருக்கிற மாதிரி கனமாக இருக்கிறது. நீதானா அது? எதற்காகக் காத்திருக்கிறாய்?

ரிசல்ட் வருகிற அன்று அவள் அப்பா பெங்களூரிலிருந்து வந்து பஸ் இறங்குவதற்குள் நான் அந்த வீட்டு வாசலில் இருப்பேன். பாஸ் என்றால் பதினொன்றில் சேர்ப்பேன். ஃபெயில் என்றால் துணைத்தேர்வு எழுதவைப்பேன். அன்று உன் பேரை இழுக்கமாட்டேன். போன் அடித்தது நான்தான் என்று சொல்லி, என் சொந்த வாயால் கேட்பேன், அவளை விட்டுவிட்டுப் போகச் சொல்லி. என் பேச்சை ஊரில் யாரும் நம்புவதில்லை என்பது உனக்குத் தெரியும். அவர் நம்புகிறவரை அந்த வாசலைவிட்டு எழுந்திருக்கமாட்டேன்.

இந்த ஒரு முறை எதையும் கூட்டாமல்,
உன் தாய்மாமன்