நீ போடாத கையெழுத்து

அண்ணனை அதட்டவென்றே பிறந்த என் தங்கச்சி சரோஜாவுக்கு,

நீ போன பிறகு கிள்ளானில் பெரிதாக எதுவும் மாறவில்லை. என் வாயும் மாறவில்லை. துறைமுகத்தில் லோரி ஓட்டியவன் என்றாலும், பெரிய டாக்டர்களோடு இங்கிலீஷில் சரிக்குச் சரி பேசியவன் நான் என்று இங்கே சாப்பாட்டுக் கடையில் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். பேசியதெல்லாம் "யெஸ் டாக்டர்" மட்டும்தான். அது உனக்குத் தெரியும்.

போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. உன் புற்றுக்கட்டியிலிருந்து எடுத்த செல்கள் சாகவில்லையாம். சுபாங் ஜெயாவில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில், சூடு குறையாத அலமாரிக்குள் பெருகிக்கொண்டே இருக்கின்றனவாம். புது மருந்துகளை முதலில் அவற்றின்மேல்தான் ஊற்றிப் பார்க்கிறார்களாம். குடும்பத்துக்குப் பிடிக்கவில்லை என்றால் நிறுத்தலாமாம்.

போர்ட் கிள்ளானில் உன் அஸ்தியைக் கரைத்தபோது, உன்னை முழுசாக வழியனுப்பிவிட்டதாக நினைத்தேனே சரோ. அந்த அலமாரிக்குள் இருப்பதை நீ என்று சொல்வதா, உன்னைத் தின்றது என்று சொல்வதா?

உன் மகள் கவிதா கேட்டாள். "மாமா, இதுக்கு அம்மா சம்மதிச்சாங்களா?"

"சிரிச்சிக்கிட்டே கையெழுத்துப் போட்டா லா. என்னால நாலு பேரு பொழைக்கட்டும் அண்ணேன்னா. டாக்டரே கண்ணத் தொடச்சிக்கிட்டாரு" என்றேன்.

அவள் அழுதாள். பிறகு, நர்ஸ் படிப்பில் படித்த கதை ஒன்றைச் சொன்னாள். "அந்தக் காலத்துல அமெரிக்காவுல ஒரு ஏழை அம்மா. கேக்காமலே எடுத்துட்டாங்க மாமா. அவங்க செத்தும் அந்த செல்லு உலகம் பூரா வளருது. பிள்ளைங்களுக்கே ரொம்ப நாள் தெரியாது. நல்ல வேளை, நம்ம அம்மாகிட்ட கேட்டாங்க."

கேட்டார்கள்தான். அன்று நர்ஸ் அந்தச் சம்மத ஃபாரத்தை உன் கட்டிலில் வைத்துவிட்டு, "அங்கிள், அக்கா ஸ்கேன் முடிஞ்சி வந்ததும் படிக்கச் சொல்லுங்க. பிடிக்கலன்னா வேணாம்" என்றுதான் சொன்னாள். அப்பா போன நாளிலிருந்து நம் வீட்டில் எந்த ஃபாரமும் என் கையைத் தாண்டிப் போனதில்லை. உன் பள்ளிக்கூடத்துக்கு, உன் ஐசி அடையாள அட்டைக்கு, உன் கல்யாணத்துக்கு. அந்தப் பழக்கத்தில் கையெழுத்துப் போடும் இடத்தில் உன் பெயரை நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். பாதிக்கு மேல் எனக்குப் புரியவும் இல்லை.

நீ வந்து, "என்ன பேப்பருண்ணே அது?" என்றாய்.

"ரத்த டெஸ்ட்டுக்கு" என்றேன்.

கேட்டிருந்தால் சரி என்றிருப்பாயோ? பக்கத்து வீட்டுக்காரிக்கு ரத்தம் கொடுக்க ஓடியவள் நீ. செத்தால் என்னைக் கிழிக்க விடாதே என்றவளும் நீதான்.

ஞாயிற்றுக்கிழமை உன் முதல் திவசம். நாலு பேர் பிழைக்கட்டும் என்று அம்மா சொன்னதை வருகிற எல்லோரிடமும் சொல்லப் போகிறாளாம் கவிதா. அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். அது என் வாயில் பிறந்தது. அதை அவளிடமிருந்து நானே பிடுங்க வேண்டும்.

சனிக்கிழமை சொல்லிவிடுவேன். ஆஸ்பத்திரிக்கும் போய்ச் சொல்வேன். வளர்ப்பதா நிறுத்துவதா என்று அவள் முடிவெடுக்கட்டும், நான் பேனாவைத் தொடமாட்டேன். அதற்குப் பிறகு அவள் என்னை மாமா என்று கூப்பிடாமல் போனாலும் போகட்டும்.

உன்னைக் கேட்காத உன் அண்ணன்,
முனியாண்டி